பல்வலியையும் காப்பியடித்த கீரி

மழை வந்துவிட்டால் வேலங்காட்டு மிருகங்கள் எல்லாம் ஒரே குகைக்குள் ஓடிவந்து ஒண்டிக்கொள்ளும். குகை பெரியதுதான். ஆனால் ஒழுகாத இடம் ஒன்றே ஒன்று. அது பின்பக்கத்துப் பாறைத் திட்டு. மழைக்காலத்தில் யார் நல்ல கதை சொல்லிப் பொழுதுபோக்குகிறார்களோ, அவர்கள் குடும்பத்துக்குத்தான் அந்தத் திட்டு. இது அங்கே வழக்கம்.

போன மழைக்கு அந்த இடம் முள்ளம்பன்றிக்குக் கிடைத்தது. அது சொன்னது சாதாரணக் கதை இல்லை, விளையாட்டுக் கதை. தன் முள்ளைப் பிடுங்கித் தேக்கிலைகளில் கீறி எழுதியிருந்தது. ஒவ்வொரு இலையின் முடிவிலும் ஒரு கேள்வி இருக்கும். “உள்ளே போகிறாயா? மீன் படம் போட்ட இலையை எடு. ஓடிவிடுகிறாயா? நண்டு படம் போட்ட இலையை எடு.” நடுவில் சண்டை வந்தால் பாதியாக உடைத்த புளியங்கொட்டைகளை உருட்ட வேண்டும். வெள்ளைப் பக்கம் அதிகம் விழுந்தால் வெற்றி. தோற்றால் கையில் இருக்கும் இலந்தைப் பழத்தில் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். பழம் தீர்ந்தால் உயிர் போச்சு!

கரடி தன் பழங்களைத் தானே தின்றுவிட்டு அடிக்கடி செத்துப்போனது.

இந்த மழைக்குக் கீரிக்கு அந்தத் திட்டு கட்டாயம் வேண்டியிருந்தது. அதற்குக் குட்டிகள் பிறந்திருந்தன. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. கீரிக்கு எப்போதும் குகை வாசலில்தான் இடம். அங்கே அடிக்கிற சாரலைக் குட்டிகள் தாங்காது.

“என்னங்க, நீங்களும் ஒரு விளையாட்டுக் கதை எழுதினா என்ன?” என்றது பெண் கீரி.

“எழுதலாம். முள்ளம்பன்றியக்கா சண்டைக்கு வந்துட்டா?”

“போய்க் கிளிகிட்டக் கேட்டுட்டு வாங்க!”

அந்தக் கிளி ஊருக்குள் ஒரு வக்கீல் வீட்டுக் கூண்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் தப்பி வந்தது. அன்றிலிருந்து காட்டுக்கே அதுதான் வக்கீல். ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும். தெரியாத கேள்வி என்றால் இன்னும் சத்தமாகச் சொல்லும்.

“விளையாட்டு விதியை எடுத்தா வழக்கு வரும்!” என்று கத்தியது கிளி.

“புளியங்கொட்டை உருட்டினா?”

“வழக்கு!”

“இலந்தைப் பழம் வெச்சா?”

“பெரிய வழக்கு!”

“அப்போ கதை? படம்?”

கிளி கொய்யாவில் மும்முரமாக இருந்தது. “கதையா? அது காத்துல போறது. யார் வேணும்னாலும் பிடிச்சுக்கலாம்!”

கீரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. நேரே முள்ளம்பன்றியிடம் போய், “படிச்சுட்டுத் தர்றேன் அக்கா” என்று இலைகளை வாங்கி வந்தது. கதையை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டது. படங்களை அப்படியே வரைந்துகொண்டது. விதிகளை மட்டும் பயந்து பயந்து மாற்றியது. சண்டை வந்தால் கொட்டை உருட்டக் கூடாது, ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். உயிருக்கு இலந்தைப் பழம் கூடாது, கூழாங்கல். அதையும் வாய்க்குள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. குகை நிறைந்தது. கீரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது. “முறுக்குவால் எலி கருங்குகை வாசலில் நின்றது. அதன் வால் அதை விட்டு ஓடப் பார்த்தது…”

“‘உள்ளே யாரோ கொட்டாவி விட்டார்கள்.’ அதானே அடுத்தது?” என்றது முயல்.

“எப்படிக் கண்டுபிடிச்சே?” என்றது கீரி.

முள்ளம்பன்றியின் முட்கள் மெல்ல நிமிர்ந்தன.

முதல் சண்டை வந்தது. காட்டுப்பன்றி ஒற்றைக் காலில் நிற்கப் போய் முயலின் மேல் சாய்ந்தது. முயல் அலறியது. குரங்கு வாய் நிறையக் கல்லை வைத்துக்கொண்டு எந்த வழியில் போகிறேன் என்று சொன்னது, யாருக்கும் புரியவில்லை. கரடி பழக்க தோஷத்தில் உயிரையெல்லாம் விழுங்கிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

கீரி விடவில்லை. குரலை உயர்த்திப் படித்தது. “எலி வாளை உருவியது! பூதம் வாயைத் திறந்தது! இன்னைக்கு எனக்குப் பல்வலி, மீதி நாளைக்கு!”

மிருகங்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

“யாருக்குப் பல்வலி? பூதத்துக்கா?” என்று கேட்டது கரடி.

“எனக்கு!” என்று எழுந்தது முள்ளம்பன்றி. “எழுதும்போது வலிச்சுது, கீறி வெச்சேன். படிச்சுக் காட்டும்போது அந்த வரியைத் தாண்டிடுவேன். இவன் என் பல்வலியையும் காப்பியடிச்சிருக்கான்!”

“அக்கா! உங்க விதி ஒண்ணைக்கூட நான் தொடலையே!” என்று அழாத குறையாகச் சொன்னது கீரி.

“யாரு தொட வேணாம்னது? கொட்டை உருட்டுறது என் பாட்டன் சொத்தா? காடே உருட்டுது! பழத்தை உயிரா வைக்கிறதை நானே அணில் பிள்ளைங்க விளையாட்டைப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆனா முறுக்குவால் நான் பெத்த பிள்ளை. அந்தப் பூதம் என் தலைக்குள்ள பிறந்தது. வலிக்க வலிக்க முள்ளைப் பிடுங்கி எழுதினேன். எடுத்துக்க வேண்டியதை விட்டுட்டு, விட வேண்டியதை எடுத்திருக்கியே!”

“வழக்கு வரும்னு சொன்னேனா இல்லையா?” என்றது மேலிருந்து கிளி.

கீரிக்கு வெட்கமாக இருந்தது. வாசலில் குட்டிகள் நனைந்து கத்தின. அதைக் கேட்கக் கேட்க வெட்கத்தைவிடப் பயம் அதிகமானது. எழுதிய இலைகளை எல்லாம் முள்ளம்பன்றியின் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னது: “மன்னிச்சுடுங்க அக்கா. எனக்குச் சொல்ல வேற கதை இல்லை.”

“பாம்போட மல்லுக்கு நிக்கிறவன் கதை இல்லைங்கிறான்!” கோபம் குறையாமலே முள்ளம்பன்றி புளியங்கொட்டைகளையும் இலந்தைப் பழங்களையும் தூக்கி அதன் பக்கம் எறிந்தது. “இந்தா. உருட்டச் சொல்லு. கதையை நீ சொல்லு!”

கீரி தயங்கியது. பிறகு மெதுவாகத் தொடங்கியது. “நீ ஒரு புத்துக்குள்ள இருக்கே. திரும்ப இடமில்லை. இடது பக்கம் முட்டை வாசனை. வலது பக்கம் யாரோ மூச்சு விடுற சத்தம். எந்தப் பக்கம் போவே?”

“முட்டை!” என்றது கரடி.

“முட்டை இருக்கிற இடத்துல அதோட அம்மாவும் இருக்கும். உருட்டு கொட்டையை!”

கரடி உருட்டியது. எல்லாம் கறுப்பு. குகை முழுக்க ‘ஐயோ’ என்றது. அப்புறம் யாரும் நகரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த முள்ளம்பன்றிகூட மெல்ல மெல்லக் கிட்டே வந்து உட்கார்ந்தது. நல்ல பாம்போடு மோதியது. கடைசிப் பழத்தையும் தோற்றது.

“நல்லாப் பார்த்து எண்ணு! நான் சாகலை!”

“செத்துட்டீங்க அக்கா.”

“சரி, இன்னொரு தரம் ஆரம்பி!” என்றது முள்ளம்பன்றி. பிறகு வாசல் பக்கம் திரும்பி, “கரடியண்ணே, அதுக்குள்ள அந்தக் குட்டிங்களைத் தூக்கித் திட்டு மேல விடுங்க. இந்த மழைக்கு அது கீரியோட இடம்!” என்றது.

விளையாட்டின் விதியை யாரும் எடுத்து விளையாடலாம்; ஆனால் ஒருவர் பாடுபட்டு எழுதிய கதையும் வரைந்த படமும் அவருக்கே சொந்தம்.