லங்காவியில் நாங்கள் ஓய்வெடுத்த விதம்

எங்கள் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர். நான் ஞானசுந்தரம். என் மனைவி வளர்மதி. மூன்றாவது ஆள் அவள் தம்பி அறிவழகன், எங்களோடுதான் இருக்கிறான். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தங்களால் ஆனதைச் செய்துவிட்டார்கள். மிச்சத்தை நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அருப்புக்கோட்டையில் எனக்கு மிக்ஸி ரிப்பேர் கடை. அறிவழகன் எம்.ஏ. படித்தவன், அதனால் யார் என்ன சொன்னாலும் அதற்கு அர்த்தம் சொல்வது அவன் பொறுப்பு. மகள் தேன்மொழி ஒன்றாம் வகுப்பு. மகன் பாரி இன்னும் பள்ளிக்கூடம் போகாத பொடியன்.

ஒரு நாள் வளர்மதி பாரியைக் குளிப்பாட்டித் துவட்டினாள். பவுடர் போட்டாள். பிறகு ஈரத் துண்டை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அதைத் தட்டிக்கொடுத்தபடியே மளிகைக் கடைக்குப் போய்விட்டாள். பிள்ளை அம்மணமாக வாசலில் நின்று டாட்டா காட்டிக்கொண்டிருந்தான். கடைக்காரர் துண்டுக்கு மிட்டாய் கொடுத்தபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"இந்தம்மாவுக்கு நோய் ஒண்ணுமில்ல. ஓய்வில்லாத குறைதான்," என்றார் அவர். "குடும்பத்தோட எங்கயாவது தூரமாப் போங்க. கையக் கால நீட்டி நிம்மதியா இருக்கட்டும். இல்லேன்னா நானே இங்க பெட்டுல படுக்க வச்சிருவேன்."

அவள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. மதுரைப் பக்கம், கோவைப் பக்கம் எங்கே போனாலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் அவள் கையில் கரண்டியைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் சொந்தமே இல்லாத இடமாகப் போவது என்று முடிவானது. டிராவல்ஸ் வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் மலேசியாவில் லங்காவித் தீவைச் சொன்னார்.

"கடல் பார்த்த ரூமு, ஞானம். அருமையா இருக்கும்."

"ரூமு கடலைப் பாத்துருச்சு, சரி பாய். நாங்க எப்பப் பாக்குறது?" என்று கேட்டான் அறிவழகன்.

பாய் என் பக்கம் திரும்பி, "சின்னப் பிள்ளைங்களோட போறீங்க. ரெண்டு விஷயம் மறந்துறாதீங்க. சாமானெல்லாம் லைட்டா எடுத்துக்குங்க. அப்புறம், அவசரப்படாம பிள்ளைங்க வேகத்துக்குப் போங்க. அவ்வளவுதான்," என்றார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தோம்.

"எல்லாமே லைட்டா எடுக்கணும்னா, துணிமணி?" என்று கேட்டாள் வளர்மதி.

"பாய் துணின்னு சொல்லலையே அக்கா," என்றான் அறிவழகன். "தீவு பாத்தியா, கரண்டு போகும். அனுபவஸ்தர் சொல்றாரு."

எமர்ஜென்சி லைட்டை எடுத்து வைத்தோம். டார்ச் லைட், மேசை லைட், பொங்கலுக்கு வாசலில் தொங்கவிடுகிற சீரியல் லைட்டு எல்லாம் வைத்தோம். கூடத்து டியூப்லைட் பெட்டிக்குள் நீளம் போதவில்லை, அதை மட்டும் நான் கையில் பிடித்துக்கொண்டேன். உடுத்தியிருந்த துணியோடு கிளம்பினோம்.

சென்னை விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"என்ன சார் இது, எல்லாம் லைட்டா இருக்கு?"

"ஆமா சார். லைட்டாத்தான் எடுத்துக்கிட்டு வந்தோம்," என்றேன். சொன்ன சொல்லை இவ்வளவு சுத்தமாகக் கேட்கிற குடும்பத்தை அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் பார்த்ததில்லை என்றுதான் தெரிந்தது. சீரியல் செட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து பிள்ளைகள் வேகம். பாரி விமானத்தை நோக்கி நன்றாகத்தான் நடந்தான். வழியில் தரையில் ஒரு சிவப்புப் பொத்தானைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். நாங்களும் உட்கார்ந்தோம். அவன் பொத்தானைத் திருப்பினான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களைத் தாண்டி உலகமே ஓடிக்கொண்டிருந்தது.

"பாவம், பிள்ளை இல்லாதவங்க," என்றாள் வளர்மதி.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் என் பெயரைச் சொன்னது. அடுத்து வளர்மதி பெயர், அறிவழகன் பெயர், பிள்ளைகள் பெயர். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் நன்கொடை கொடுத்தபோதுகூட என் பெயரைத் தப்பாகத்தான் வாசித்தார்கள்.

"மச்சான், திரும்பவும் சொல்றாங்க!" என்று அறிவழகன் செல்போனை நீட்டிப் பதிவு செய்தான். "கடைசி அழைப்புங்கிறாங்க. இனிமே சொல்ல மாட்டாங்க போல, நல்லாக் கேட்டுக்குங்க."

நாங்கள் கைதட்டினோம். பாரியும் தட்டினான். தட்டின தட்டில் பொத்தான் கையிலிருந்து எகிறி உருள ஆரம்பித்தது. அவன் பின்னால் ஓடினான். பிள்ளை வேகம்தானே எங்கள் வேகம்? நாங்களும் பறந்தோம். பொத்தான் போய் ஒரு மேசையடியில் விழுந்தது. அது எங்கள் விமானத்துக்கான மேசை. கதவை மூடக் கை வைத்திருந்த பெண்மணி எங்களை உள்ளே தள்ளிவிட்டார். பாய் சொன்னபடி நடந்ததால்தான் பிழைத்தோம் என்று பேசிக்கொண்டோம்.

விமானத்தில் பணிப்பெண் ஒருத்தி மூக்குக்கு ஒரு மூடியை வைத்துக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

"என்ன மாப்ள சொல்லுது?" என்று அறிவழகனிடம் கேட்டேன்.

"முதல்ல பெரியவங்களுக்காம் மச்சான். பெரியவங்க முடிச்சப்புறம்தான் பிள்ளைங்களுக்குச் செய்யணுமாம்."

"எதை?"

"அதை எல்லாம் பிரிச்சுச் சொல்லல. பொதுவாச் சொல்லுது."

கொஞ்ச நேரத்தில் சாப்பாடு வந்தது. பாரி தட்டைப் பார்த்துக் கையை நீட்டினான். வளர்மதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வீரிட்டு அழுதான். தேன்மொழி, "நான் கேக்கலம்மா, தம்பிக்கு மட்டும் குடு," என்று சொல்லி அவளும் அழுதாள். சட்டத்தை மீறவும் பயம், பிள்ளை முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. வளர்மதி அழுதுகொண்டே சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாள், பிள்ளைகள் முறை சீக்கிரம் வரட்டும் என்று. அவளுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அது கடல் தாண்டும் வரை நிற்கவில்லை.

லங்காவி ஓட்டலில் மேனேஜர், பேச்சுக்கு நடுவே 'லா' போடுகிற மலேசியத் தமிழர். லெட்சுமணன் என்று பெயர். வளர்மதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா ரொம்பக் களைச்சிருக்காங்க லா. இதை உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க. வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க," என்று அன்பாகச் சொன்னார்.

அந்த அன்புதான் வினையானது. மறுநாள் விடியும்போதே வளர்மதி எழுந்து, ஓட்டல்காரர்கள் வராந்தாவில் வைத்திருந்த துடைப்பத்தை எடுத்து அறையைப் பெருக்கினாள். அறை முடிந்ததும் வராந்தாவைப் பெருக்கினாள். வீடென்றால் வாசல் வரைக்கும்தானே? லிஃப்ட் வரை பெருக்கிவிட்டு, கைப்பையில் பிள்ளைகள் முகத்துக்கென்று வைத்திருந்த பவுடரால் கம்பளத்தில் கோலம் போட்டாள். மாற்றுத் துணி இல்லாததால் தினமும் துவைக்க வேண்டியிருந்தது. சீரியல் லைட்டை வராந்தாவில் குறுக்கே கட்டிக் காயப்போட்டோம். அதற்கு அந்த லைட்டு எவ்வளவு உதவியாக இருந்தது என்று சொல்லி முடியாது. துணி காயும் வரை நானும் அறிவழகனும் ஆளுக்கொரு படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எதிர் அறையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அவர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது சும்மா விடலாமா? "வாங்க, உக்காருங்க," என்று வளர்மதி உள்ளே கூட்டிவந்து காபி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் மரியாதைக்காகக் குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து மாடிப்படி வழியாகப் போக ஆரம்பித்தார்கள்.

கடற்கரைக்குப் போகவே நேரமில்லை. வளர்மதி அருப்புக்கோட்டையில் இருந்ததைவிட இளைத்துப் போனாள். ஒரு காலையில் தலையணைக்குத் தலை வாரிப் பின்னல் போட முயற்சி செய்துகொண்டிருந்தாள். ஒன்றும் புரியாமல் மேனேஜரிடம் போய் நின்றேன்.

"சார், எல்லாரும் சொன்னபடிதான் செய்யுறோம். ஆனா ஓய்வு மட்டும் வர மாட்டேங்குது."

லெட்சுமணன் வராந்தாவுக்கு வந்து கோலத்தைப் பார்த்தார், குறுக்கே கட்டியிருந்த சீரியல் லைட்டைப் பார்த்தார், வளர்மதி கையிலிருந்த துடைப்பத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார். பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து அறிவழகனிடம் கொடுத்தார்.

"இதைக் கதவுக்கு வெளியே மாட்டுங்க. உள்ளே ஓய்வெடுக்கிறாங்கன்னு அர்த்தம். இது தொங்கினா ஒருத்தரும் கதவைத் தட்டக் கூடாது, உள்ளே போகவும் கூடாது. நான்கூட வர மாட்டேன். பயப்படாம ரெஸ்ட் எடுங்க."

அவர் போனதும் அறிவழகன் வெளியே வந்து அட்டையைக் கைப்பிடியில் மாட்டினான். அது நேராக இருக்கிறதா என்று பார்க்க நான் வந்தேன். எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வளர்மதியும் வந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அட்டை ரொம்ப அழகாகத் தொங்கியது.

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கதவருகே கொண்டுபோனேன். அறிவழகன் என் கையைப் பிடித்தான்.

"என்ன மச்சான் பண்றீங்க? அட்டை தொங்குது."

"நம்ம ரூமுதானே மாப்ள?"

"அவரே வர மாட்டேன்னுட்டாரு. நாம போலாமா? உள்ள ஓய்வெடுக்குறாங்க."

"யாரு?"

"நாமதான்."

நான் யோசித்துப் பார்த்தேன். அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு நாளைக்குப் பிறகு இப்போதுதான் எங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது. அதை நாங்களே போய்க் கெடுப்பதா?

"பாவம், எழுப்ப வேணாங்க," என்றாள் வளர்மதியும். சுவரில் சாய்ந்து கம்பளத்தில் உட்கார்ந்தாள். பெருக்க எதுவுமில்லை, துடைப்பம் மேனேஜரிடம். துவைக்க எதுவுமில்லை, குழாய் உள்ளே. கொஞ்ச நேரத்தில் கையைக் காலை நீட்டினாள். தேன்மொழி ஒரு தொடையில், பாரி ஒரு தொடையில். மூன்று பேரும் அப்படியே தூங்கிப்போனார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய் பிளந்து தூங்கி நான் பார்த்ததில்லை.

லெட்சுமணன் அந்தப் பக்கம் வந்தார். "ஏன் வெளியே படுத்திருக்கீங்க?" என்று ஆரம்பித்தார். அறிவழகன் வாயில் விரலை வைத்தான்.

"ஷ்! மெதுவா சார். உள்ள ஓய்வெடுக்குறாங்க."

அவர் அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து கீழே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் அறைக்குள் டெலிபோன் அடித்தது. விடாமல் அடித்தது. அறிவழகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவன் மச்சான் அது, ஓய்வெடுக்குறவங்களைத் தொந்தரவு பண்றது?"

நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"நின்னுருச்சு மாப்ள. யாரும் எடுக்கல."

"எப்படி எடுப்பாங்க?" என்றான் அறிவழகன், நிம்மதியாக மூச்சு விட்டு. "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாங்க."