வலது லிவர்

முன்னொரு காலத்திலே, ரொம்ப முன்னே ஒன்றுமில்லை, கண்மாய்க்குள் மண்வெட்டி போய் டோசர் இறங்கிய காலத்துக்கும் அப்புறம், சேவுகன் சேவுகன் என்று ஒருத்தன் இருந்தான்.

அவன் தன் குருவிடம் கேட்டான்.

"மாப்ள, அன்னைக்கும் இந்தக் கிளட்ச் இப்படிப் பிடிச்சுத்தானே இருந்திருக்கும்?"

குருவுக்கு முப்பத்தொரு வயது. பெயர் அல்லாபிச்சை. சுற்றுப்பட்டு ஊர்களில் டோசர் மாதிரிச் செயின் வண்டி ரிப்பேருக்கு அவன்தான் மேஸ்திரி.

சீடனுக்கு ஐம்பத்துநாலு. இருபது வருசம் டோசர் ஓட்டிவிட்டு, மூன்று வருசமாக ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறவன். மகன் வயசுக்காரனுக்குச் சேவுகம் பண்ணுகிறான், பேர்ப்பொருத்தம் நல்லாத்தான் இருக்கு என்று டீக்கடையில் பேசிச் சிரிப்பார்கள். அவன் காதில் வாங்கமாட்டான்.

குரு கரையடியில் நின்ற டோசரிடம் போனான். மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு வண்டிமேல் ஏறினான்.

அந்த வண்டிக்கு வட்ட ஸ்டியரிங் கிடையாது. ரெண்டு லிவர். வலது லிவரை இழுத்தால், உள்ளே வலப்பக்கத்துக் கிளட்ச் பிளேட்டெல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அந்தப் பக்கத்துச் செயினுக்கு இழுவை அற்றுப்போகும். வண்டி வலப்பக்கம் திரும்பும்.

இப்போது லிவரை இழுத்தால் லிவர் மட்டும் வந்தது. உள்ளே பிளேட்டெல்லாம் துருவேறி ஒரே கட்டியாய் ஒட்டிக் கிடந்தன. வண்டி நேரேதான் போகும்.

மூன்று வருசத்துக்கு முன்னால் ஒருநாள் அப்படித்தான் நேரே போனது. எதிரே, முதுகு காட்டிக் குனிந்து முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தவன் மருதன். சேவுகனின் கூடப்பிறந்த தம்பி.

இழுத்தேன், கிளட்ச் விடவில்லை என்று சேவுகன் சொன்னான். விசாரிக்க வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். வண்டியை நாள்கணக்கில் நிறுத்தப்போகிற டிரைவர் ரெண்டு லிவரையும் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் இறங்குவான், பிளேட் ஒட்டாமல் இருக்க. அன்றைக்கு அந்த நினைப்பு யாருக்கு இருந்தது? கட்டாமலே விட்டார்கள். வண்டி கரையடியில் நின்றது நின்றபடி.

மருதன் பெண்டாட்டி சௌந்தரம் வருசம் தவறாமல் திதியன்று வந்து, செருப்பைக் கழற்றி அந்த இரும்பை அடிப்பாள். கை ஓயுமட்டும் அடிப்பாள். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சேவுகனுக்குச் சோறு போடுவாள். அவனுக்கு வேறு யாரும் இல்லை.

இப்போது வண்டியின் சொந்தக்காரர் அதை மறுபடி ஓட்டவேண்டும் என்கிறார். சௌந்தரம் ஒன்றே ஒன்று கேட்டாள். மேஸ்திரி வாயால் ஒரு வார்த்தை, அன்னைக்குக் கெடுத்தது இந்த வண்டிதான் என்று. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்கு வந்து கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டிருந்தாள்.

அன்று புதன்கிழமை.

குரு கிளட்ச் பெட்டிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினான். வலது லிவரைப் பின்னுக்கு இழுத்துக் கயிற்றால் கட்டினான். இறங்கிவந்து கை கழுவினான்.

சம்மட்டியால் நாலு போடு போட்டால் விட்டுவிடுமே என்றான் சேவுகன்.

"ஊறட்டும் மாமா."

வியாழக்கிழமையும் ஊற்றினான். அன்றைக்கும் சேவுகன் கேட்டான்.

"பொய் ஒண்ணும் சொல்லவேண்டாம் மாப்ள. கண்ணால பாத்ததைச் சொல்லு. பிடிச்சுத்தானே கெடக்கு?"

குரு அவனைக் கூப்பிட்டு, பெட்டியின் மேல்மூடியைக் காட்டினான். உள்ளங்கை அகலத்துக்கு அரித்துப்போயிருந்தது. அதன் வழியே வானம் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான்.

"மூணு மழைக்காலம் இது வழியா உள்ள எறங்கியிருக்கு," என்றான்.

சேவுகன் ஸ்பானர்களைத் துடைக்கப் போய்விட்டான். துடைத்ததையே துடைத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் குரு எஞ்சினைக் கிளப்பினான். கிளப்பிவிட்டு இறங்கி நின்றுகொண்டான்.

"ஏறுங்க மாமா."

மூன்று வருசமாக அந்தச் சீட்டில் அவன் உட்காரவில்லை. எனக்குக் கண் மங்கிவிட்டது என்றான். முழங்கால் மடங்கவில்லை என்றான். அப்புறம் ஏறினான்.

முதல் கியரில் வண்டி நகர்ந்தது. லிவர் கட்டினபடியே இருந்தது.

"வலது பிரேக்கை மிதிங்க. விடுங்க. மிதிங்க."

ஒவ்வொரு மிதிக்கும் வண்டி முக்கிக் குலுங்கியது. சேவுகனின் பல் கடகடத்தது. நிறுத்தவா என்று கையால் கேட்டான். குரு மிதியுங்கள் என்று கையால் சொன்னான்.

எத்தனையாவது மிதி என்று தெரியாது. உள்ளே மண்பானை விண்டதுபோல ஒரு சத்தம், பிளேட் விட்டது. வலப்பக்கத்துச் செயின் நின்றது. வண்டி தானாக, பசு தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி, மெதுவாக வலப்பக்கம் திரும்பியது.

குரு கை காட்டினான். சேவுகன் எஞ்சினை நிறுத்தினான். பெட்டியின் அடியிலிருந்து துருத்தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மாமா, அன்னைக்குக் காலையில வண்டிய எந்த வழியா உள்ள எறக்கினீங்க?"

"மடைப் பாதையில. வேற வழி ஏது?"

"மடைகிட்ட எந்தப் பக்கம் திரும்பணும்?"

சேவுகன் கண்மாயைப் பார்த்தான். கரையைப் பார்த்தான்.

"வலப்பக்கம். திரும்புச்சு," என்றான்.

குரு கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினான்.

கரைமேல் சௌந்தரம் வந்துகொண்டிருந்தாள். உச்சிப்பொழுது ஆகவில்லை, சத்தம் கேட்டு முன்னாடியே வந்துவிட்டாள். இறங்கிவந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். சீட்டில் இருந்தவனை அவள் பார்க்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்தாள்.

"சொல்லு தம்பி."

"வண்டி திரும்புதுக்கா."

"நான் அன்னைக்கைக் கேக்கறேன்."

"அன்னைக்கு இதுல இருந்தது நான் இல்லக்கா."

கேனை எடுத்துக்கொண்டான். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். மடைப் பக்கமாக நடந்து போய்விட்டான்.

சௌந்தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

சேவுகனுக்கு இறங்கவேண்டும் போல இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்.

"பீடி பத்தவச்சுக்கிட்டிருந்தேன் ஆத்தா. காத்து. ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சிருந்தேன்."

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பத்துச்சா?" என்று கேட்டாள்.

"பத்துச்சு."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரையேறி, வந்த வழியே நடந்து போனாள்.