அடிக்கோட்டை அழித்த மன்னன்

கேளுங்கள், உழைத்துக் களைத்து உட்கார்ந்திருப்பவர்களே. வெகு காலத்துக்கு முன் சீன தேசத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே, மதில் கட்டும் ஆசை தீராத ஒரு மன்னன் இருந்தான்.

மூவாயிரம் பேரை வயலிலிருந்து பிடித்துவந்து மண் சுமக்க வைத்தான். முந்தைய ஆண்டுக் குளிரில் முந்நூறு பேர் செத்திருந்தார்கள். இந்த ஆண்டும் முதல் பனி விழுந்தது. "எங்களை வீட்டுக்கு விடுங்கள்" என்று கேட்டார்கள்.

"குறி என்ன சொல்கிறதோ அதன்படி செய்கிறேன்" என்றான் மன்னன்.

குறிகாரர் கௌ ஷென் வந்தார். உலர்ந்த செடித்தண்டுகளை இரண்டாகப் பிரித்தார், நான்கு நான்காக எண்ணினார், மிச்சத்தை ஒதுக்கினார். இப்படி மூன்று முறை செய்தால் ஒரு கோடு கிடைக்கும். மணலில் கீழிருந்து மேலாக ஆறு கோடுகள் வரைந்தார். ஆறும் நடுவில் உடையாத முழுக் கோடுகள்; நல்ல குறி.

"ஆறும் முழுசு! மதில் வளரட்டும்!" என்று துள்ளினார் அமைச்சர்.

"பொறுங்கள் ஐயா" என்றார் குறிகாரர். "அடிக்கோடு மாறும் கோடு என்று மிச்சத்தின் எண்ணிக்கை சொல்கிறது. இன்று முழுசாகத் தெரியும், நாளை நடுவில் உடையும்."

"அது யாருடைய கோடு?" என்றான் மன்னன்.

"மண் சுமப்பவர்களுடையது. அதற்கு மேல் எழுத்தர்கள், படைத்தலைவர்கள், அமைச்சர். ஐந்தாவது தாங்கள். ஆறாவது தங்கள் முன்னோர்."

"அவ்வளவுதானா? அதை அழித்துவிடு. மற்ற ஐந்தும் முழுசுதானே!"

குறிகாரர் அழித்தார். "இனி எழுத்தர்கள்தான் அடி. நாளை மண்கூடை அவர்கள் தலையில்."

"அதையும் அழி."

அழித்தார். "இனி படைத்தலைவர்கள்."

"அதையும் அழி!"

அழித்தார். பிறகு அமைச்சரை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயாவுக்குத் தோள் வலுவா?"

"மன்னா, குளிர் கொடுமைதான்" என்று பதறினார் அமைச்சர். "பாவம், அவர்கள் வீட்டுக்குப் போகட்டுமே!"

மன்னன் மணலைப் பார்த்தான். அமைச்சரின் கோட்டுக்கு அடுத்தது அவனுடையது.

"போகச் சொல்" என்றான். மனம் இளகிச் சொல்லவில்லை, பயந்து சொன்னான். மூவாயிரம் பேருக்கு அது போதும்.

அன்றே குறிகாரரின் பதவி பறிபோனது. பனியில் இறங்கி நடந்த அவரை வீடு திரும்பிய மண் சுமந்தவர்கள் தங்கள் நடுவே வைத்து, குளிர்காற்று அவர்மேல் படாமல் சுற்றி நடந்தார்கள்.

தன்னைத் தாங்குகிறவர்களை அழிக்கிறவன் தன் அழிவையே தேடிக்கொள்கிறான்.