கரைய வேண்டிய நூல்

“பதினேழு தடவை இழுத்தாச்சு. பதினேழு தடவையும் அறுந்தாச்சு. இனி நீதாம்மா கதி,” என்றார் டாக்டர் ஆறுமுகநயினார்.

வயது ஐம்பத்திரண்டு. முனைவர் பட்டம் இரண்டு.

எதிரே நின்றவள் ஜெனோவா. வயது முப்பத்தாறு. அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் புதிதாக வந்த மெஷின் ஆபரேட்டர். அதற்கு முன்பு தூத்துக்குடி ஆலையொன்றில் தூண்டில் நரம்புக்கு நைலான் இழை இழுத்தவள்.

குரு யார், சீடர் யார் என்பதில் அன்று காலை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவர் செய்ய நினைத்தது தையல் நூல். சோளத்திலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக இழுத்து, அதைக் கொண்டு புண்ணைத் தைக்க வேண்டும். பிறகு நூல் உடம்புக்குள்ளேயே கரைந்துபோக வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது.

மதியம் கால்நடை டாக்டர் பர்வீன் முடிச்சுப் போட்டுப் பார்க்க வருகிறாள். அறுந்தால் ஆறு வருட ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“என்ன செஞ்சீங்க சார்?”

“வேகமா இழுத்தேன், அறுந்தது. மெதுவா இழுத்தேன், முடிச்சுல நொறுங்குது.”

“இங்க ஏன் இப்படிக் குளிருது?”

“நூலுக்கு ஈரம் ஆகாதும்மா, அதான் ஏசி. ஒரு சொட்டுத் தண்ணி இந்த அறைக்குள்ள வந்ததில்ல.” பெருமை வேறு.

ஜெனோவா ஒரு முழம் நூலை வெட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அங்கே அவருக்காக வைத்திருந்த டீயில் ஆவி பறந்தது. நூலை அதில் முக்கினாள்.

அவர் அலறினார். “ஐயோ, அது கரையிற பொருள்மா! தண்ணி பட்டா கரைஞ்சிரும்!”

“எத்தன நாள்ல?”

“ஆறு மாசத்துல.”

“டீ ஆறதுக்குள்ள எடுத்துருதேன் சார்.”

சூட்டிலேயே இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தாள். நூல் நீண்டது. இரண்டு மடங்கு. மூன்று. நான்கு.

அறுபடவில்லை.

ஒரு முடிச்சைப் போட்டு அவரிடம் நீட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். விரல்தான் சிவந்தது.

“எப்படிம்மா?”

“விடியக்காலைல எழுப்பி உடனே ஓடுன்னா நீங்க ஓடுவீங்களா? ஒரு வாய் சூடா உள்ள போனாத்தானே கை கால் நீளும்?”

அவர் நூலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“கலைஞ்சு கிடந்த மூலக்கூறுச் சங்கிலி எல்லாம் உள்ள வரிசையா நின்னுடுச்சு!” என்று கத்தினார்.

“நின்னா சரி. கேண்டீன்ல வெந்நீர் இருக்கும். ஒரு வாளி.”

இரண்டு முனைவர் பட்டமும் வாளியோடு ஓடின.

மெஷினில் நூல் ஓடும் இரண்டு உருளைகளுக்கு நடுவே வெந்நீர்த் தொட்டி வைத்தாள். நூலை வெளியே இழுக்கும் உருளைக்கு, உள்ளே விடும் உருளையைவிட நான்கு மடங்கு வேகம் கொடுத்தாள். பிசிறில்லாமல் நூல் ஓடியது. டீயை இருவரும் மறந்தே போனார்கள்.

மதியம் பர்வீன் ஆறு முடிச்சுப் போட்டாள். ஆறும் நின்றன.

“தாராளமா தைக்கலாம் சார்.”

ஆறுமுகநயினார் குதித்தார். ஐம்பத்திரண்டு வயதில் அவ்வளவு உயரம் குதிக்க முடியும் என்பது அவருக்கே புதிது.

“ஜெனோவா, இன்னும் இழு! எட்டு மடங்கு இழு! இரும்பா நிக்கும். பத்து வருஷமானாலும் கரையாது!”

அவள் மெஷினை நிறுத்தினாள்.

“புண்ணு ஆறின பிறகு அதுக்கு அங்க என்ன சார் வேலை?”