‘இல்லை’ என்று எழுதிய கட்டம்

“ஒருத்தன் நன்றி சொன்னா மனசு குளிரத்தானே செய்யும்? எனக்கு ஏம்மா எரியுது?”

குற்றாலிங்கம் இதைக் கேட்டபோது அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

கழுகுமலைக்கு வெளியே ஓட்டு வீட்டில் தனியாக இருப்பவர். முன்பு நர்ஸாக வேலை பார்த்தவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மனக்குறையோடு வருகிற எல்லோருக்கும் அவர் அம்மாதான். ஐம்பத்திரண்டு வயதுக் குற்றாலிங்கத்துக்கும்.

அம்மா பாதி புளியை அவர் பக்கம் தள்ளினார்.

கொட்டை எடுத்தபடியே குற்றாலிங்கம் சொல்லத் தொடங்கினார்.

அவர் மொட்டைமாடிகளில் சோலார் பொருத்திக் கொடுக்கும் காண்ட்ராக்டர். இரண்டு மாதத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்து வேலையை முடித்துவிட்டுச் சாமான்களை வேனில் ஏற்றிப் பூட்டினார்கள். சாப்பிட்டுத் திரும்புவதற்குள் யாரோ பூட்டை உடைத்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ட்ரில் மெஷின், கட்டிங் மெஷின், மீட்டர், எல்லாம்.

நல்லவேளையாக இன்சூரன்ஸ் இருந்தது. சர்வேயர் வந்து பார்த்தார். கிளெய்ம் கிடைத்தது. புதுச் சாமான் வாங்கியாயிற்று.

“சூசையப்பனுக்குத்தான் ஒண்ணும் கிடைக்கல” என்றார்.

பன்னிரண்டு வருடமாக அவரிடம் வேலை பார்ப்பவன். கையோடு சொந்தச் சாமான் வைத்திருந்தான். வேனில் அவன் பையும் இருந்தது. அதுவும் போயிற்று.

தன் சாமானுக்கும் ஏதாவது வருமா என்று அவன் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான். கம்பெனியில் பேசிப் பார்த்ததாகவும் அவர்கள் முடியாது என்று தள்ளிவிட்டதாகவும் குற்றாலிங்கம் சொன்னார்.

அவன் கோபப்படவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்காவ அம்புட்டுப் பேரு முன்னால பேசிப் பாத்தியள்லா அண்ணாச்சி. அது போதும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் பேரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினானாம். அதையும் வந்து சொன்னான். மச்சானிடம் இரவல் வாங்கிய குறட்டோடு இப்போது வேலைக்கு வருகிறான்.

“அதுலேருந்து அவன் மூஞ்சியப் பாக்க முடியலம்மா. சாமி கும்பிட உக்காந்தா மனசு நிக்க மாட்டேங்குது. ஏதாவது மந்திரம் இருந்தா சொல்லுங்க.”

அம்மா எழுந்து கையைக் கழுவினார். உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

“அன்னைக்கு வேன்ல இருந்து போனதை எல்லாம் எழுதுங்க.”

குற்றாலிங்கம் மளமளவென்று எழுதினார். பதினோரு சாமான். எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த வருடம் வாங்கியது, எல்லாம் விரல் நுனியில் இருந்தது. சர்வேயரே பாராட்டிய ஞாபகசக்தி.

அம்மா படித்துப் பார்த்தார்.

“இதெல்லாம் திரும்பி வந்துருச்சா?”

“வந்துருச்சும்மா. எல்லாமே புதுசா.”

“வராததை இதுக்குக் கீழ எழுதுங்க.”

சூசையப்பன் சாமான் என்று தலைப்புப் போட்டு அடியில் கோடு இழுத்தார். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு குறடு என்று எழுதினார். அது ஒன்றா இரண்டா என்று தெரியவில்லை. ஸ்பேனர் என்று எழுதி, எந்த அளவு என்று யோசித்து, அடித்தார்.

எத்தனையோ மாடிகளில், கொளுத்தும் வெயிலில், திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டியிருக்கிறார். வேண்டியது கைக்கு வந்திருக்கிறது. எந்தப் பையிலிருந்து வந்தது என்று பார்த்ததில்லை.

“தெரியலம்மா.”

“அப்போ கம்பெனியில என்னென்ன போச்சுன்னு சொல்லிக் கேட்டீங்க?”

அம்மாவின் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

குற்றாலிங்கத்துக்குக் காது மடல் சுட்டது. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. தாளைப் பார்த்தே சொன்னார்.

கம்பெனியில் அவர் கேட்கவேயில்லை. கேட்க வழியும் இல்லை. பாலிசி எடுக்கும்போது படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, வேலையாட்களின் சொந்தக் கருவிகள் உண்டா என்று. சேர்த்தால் பிரீமியம் கொஞ்சம் கூடும் என்று ஏஜென்ட் சொன்னார். இவர் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போது சூசையப்பன் வாசலில் நின்று வேனில் பேனல் ஏற்றிக்கொண்டிருந்தான். கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

“இதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாமத்தான் இங்க வந்தேன்.”

“யார்கிட்டன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் அங்க போகாம இங்க வந்துட்டீங்க.”

அம்மா தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தார். பிறகு புளியின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் சாய்வதற்குள் குற்றாலிங்கம் கோவில்பட்டி போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வருடத்தில் சூசையப்பனை அங்கே அவன் தெருமுனையில் எத்தனையோ முறை இறக்கிவிட்டிருக்கிறார். வீடு எது என்று இன்றைக்குத்தான் விசாரித்தார்.

அவரைக் கண்டதும் சூசையப்பன் பதறிப்போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போட்டான். துண்டால் தட்டினான். காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான்.

குற்றாலிங்கம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, அவன் சாமானை எழுதக் கொண்டுவந்த தாளையும் எடுத்துக் காட்டினார். வழி நெடுக யோசித்து வைத்திருந்த ஒரு சமாதானமும் வாயில் வரவில்லை. வராததும் நல்லதாகப் போயிற்று.

சூசையப்பன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டான்.

“எனக்குச் சாமானே இல்லன்னா எழுதுனிய?”

“ஆமா.”

“கம்பெனியில எனக்காவப் பேசவும் இல்ல.”

“இல்ல.”

தெருவில் ஒரு மினி பஸ் போயிற்று. அதன் சத்தம் அடங்கியதும் அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

குற்றாலிங்கம் வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு மேல் நிற்க என்ன இருக்கிறது என்று செருப்பை மாட்டித் திரும்பினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எங்க போறிய? வந்து உக்காருங்க. எழுத நெறைய இருக்கு.”