காற்று என்று எழுதிய கவிராயர்

செம்மதில் என்று ஓர் ஊர். பேருக்கு ஏற்றபடி சுற்றிலும் சிவந்த கல்மதில், வடக்கே ஒரே ஒரு வாசல். விளக்கு வைக்கும் நேரத்தில் முரசு கொட்டி வாசலை அடைப்பார்கள். அடைத்த கதவைப் பொழுது விடியாமல் யாருக்காகவும் திறப்பதில்லை. மதிலுக்கு வெளியே இருப்பவர்களெல்லாம் கொலைகாரர்கள் என்று தாய்ப்பாலோடு சேர்த்தே பிள்ளைகளுக்குப் புகட்டி வந்தார்கள்.

அந்த ஊரில் திருமேனிக் கவிராயர் என்று ஒருவர். வயது ஐம்பதை நெருங்கியவர். நல்ல புலமை; அதைவிட நல்ல பயம். பல்லி சொன்னாலும் பயப்படுவார், சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை என்றும் பயப்படுவார். அவருடைய ஆசான் பூதலிங்கம் அவரைவிட வயதில் இளையவர். ஊரார் சிரித்தும் அந்தச் சின்னவரிடம் போய்ப் பாடம் கேட்ட ஒன்றில் மட்டும் கவிராயருக்குக் கொஞ்சம் துணிச்சல் இருந்தது.

ஒரு மத்தியானம் கவிராயர் ஓலைக்கட்டோடு ஆசான் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஆசானே, பூசத்தன்னைக்கு சபையில அரங்கேத்தம். ஒரு பாட்டை மட்டும் நீங்க கேக்கணும்.”

“பாடும்.”

அது வெள்ளம் வந்த நாளைப் பற்றிய பாட்டு. சில வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. வெளியே இருந்த குடிசைகள் போயின. பகலிலேயே வாசலை அடைத்துவிட்டதால் மதிலுக்குள் ஒரு சொட்டு நுழையவில்லை. பாட்டில் மழை வந்தது, இடி வந்தது, பட்டப்பகலில் இருட்டு வந்தது. கடைசியில் வடக்கு வாசலைக் காற்று தட்டியது, அந்திவரை தட்டி ஓய்ந்தது என்று முடிந்தது.

“காத்தா தட்டிச்சு?” என்றார் ஆசான்.

கவிராயர் ஓலையை மடியில் கவிழ்த்தார்.

“உம்ம வீடு வாசலுக்கு அடுத்த தெருதானே? நீர் என்ன கேட்டீர்?”

“கை, ஆசானே. ஆளுங்க கை. கதவைத் திறங்கன்னு சத்தம். மொதல்ல அப்படித்தான் எழுதுனேன். பொறவு அந்த ஓலையை உருவிட்டு, வேற ஓலையில காத்துன்னு எழுதிக் கோத்துட்டேன்.”

“ஏன்?”

அதற்குப் பதில் ஊருக்கே தெரியும். அன்று கதவைத் திறக்காதே என்று சொன்ன பெரியவர்கள்தான் இன்று சபையில் இருப்பவர்கள். அன்றைக்குக் காற்று அதிகம் என்று அவர்கள் சொன்னார்கள். ஊரும் ஆமாம், காற்றுதான் என்றது. மாற்றிச் சொன்னால் ஊர்விலக்கு. விலக்கு விழுந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் நெருப்புத் தரமாட்டார்கள். கிணற்றில் வாளி இறக்க முடியாது. செத்தால் தூக்க நாலு பேர் வரமாட்டார்கள். கவிராயருக்கு மனைவி உண்டு, கல்யாண வயதில் மகள் உண்டு.

“ஊருக்குள்ளயும் இருக்கணும், உள்ளதையும் எழுதணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க ஆசானே.”

ஆசான் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வாரும், ஆத்துப் பக்கம் போயிட்டு வருவோம். ஓலையையும் எடுத்துக்கிடும்.”

பகலில் வெளியே போக யாருக்கும் தடையில்லை. ஆனாலும் கவிராயர் நடந்த நேரத்தைவிடத் திரும்பிப் பார்த்த நேரம்தான் அதிகம். ஆசான் ஆற்றில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். கெண்டைக் குஞ்சுகள் வந்து அவர் காலைக் கடித்தன. அதில் அவருக்கு அப்படி ஒரு சுகம்.

“ஆசானே, வெயில் சாயுது.”

“சாயட்டும்.”

“ஆசானே, கூட்டுக்குப் பறவை திரும்புது.”

“திரும்பட்டும்.”

முரசு கேட்டது. கவிராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது. ஆனால் உயிர்ப்பயத்துக்கு வயது தெரியுமா? மேடேறி அவர் வந்து சேர்ந்தபோது கண்ணெதிரே கதவு மூடியது. உள்ளே தாழ் விழுந்தது.

மதிலுக்கு வெளியே உள்ள இருட்டை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

“கொம்பையா!” இரண்டு கையாலும் தட்டினார். “கொம்பையா, நான்தான் திருமேனி! கீழத்தெரு திருமேனி!”

கொம்பையா வாசல் காவல்காரன். காலையில்தான் கவிராயர் வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போயிருந்தான்.

உள்ளே ஒரு புதுக் காவல்காரனின் குரல் கேட்டது. “அண்ணாச்சி, யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுதாங்க.”

கொம்பையாவின் குரல் கதவை ஒட்டியே வந்தது. “காத்துடே. பேசாம இரு.”

கவிராயர் தட்டினார். கெஞ்சினார். மகள் பேரைச் சொல்லி ஆணையிட்டார். கை வீங்கியது, கதவு அசையவில்லை. கடைசியில் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளம் வந்த அன்று வீட்டு மூலையில் முடங்கி, காதில் துணியை அடைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

ஆசான் மெதுவாக வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் சருகு மிதிபடும் சத்தம். கவிராயர் திரும்பினார். பனையோலைப் பந்தம் ஒன்று அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பிடித்திருந்தவள் ஒரு பெண். இடுப்பில் அரிவாள்.

இத்தோடு முடிந்தது என்று கவிராயர் நினைத்தார். தன்னைவிட இளையவரான ஆசானின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார்.

“அது திறக்காது அண்ணாச்சி,” என்றாள் அவள். “நாங்க தட்டிப் பாத்தாச்சு.”

கவிராயர் ஆசானின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“எம் பய தட்டித் தட்டிக் கையெல்லாம் ரத்தம். பொறவு தண்ணி வந்துட்டு.” பந்தத்தைத் தாழ்த்தி வழியைக் காட்டினாள். “நரி நடமாடுத எடம். இங்க நிக்கப்பிடாது. குடிசைக்கு வாங்க.”

அவள் குடிசையில் கஞ்சி இருந்தது, சுட்ட வத்தல் இருந்தது. அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு இரண்டு பேருக்கும் ஊற்றினாள். புல்லறுக்கும் சின்ன அரிவாள்தான் அது. நீங்கள் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று பார்த்தவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் ஊற்றினாள். கவிராயர் தலை நிமிராமல் குடித்தார்.

குடித்து முடித்த பிறகு அவள் ஓலைக்கட்டைப் பார்த்தாள்.

“அது என்ன அண்ணாச்சி?”

“பாட்டு.”

“நீங்க கட்டுனதா? எதைப் பத்தி?”

கவிராயர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆசான் பக்கம் சாய்ந்தார்.

“ஆசானே, பயமா இருக்கு.”

“சபையை நெனச்சா?”

“இல்ல. அங்க எனக்கு என்ன ஆகுமோன்னு பயந்தேன். இங்க, இதைக் கேட்டா இவ மனசு என்ன ஆகும்?”

“காத்துன்னே பாடிரும். இவளுக்கும் நோகாது. உமக்கும் வீட்டுல ரெண்டு பேரு இருக்காங்க.”

கவிராயர் அவளைப் பார்த்தார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“இவ முன்னாலயா? முடியாது ஆசானே.” அவர் கை தானாக ஓலைக்கட்டின் கயிற்றை அவிழ்த்தது. “இங்க கைன்னு பாடிட்டு, பூசத்தன்னைக்கு அங்க போய்க் காத்துன்னு பாடவும் வாய் வராது.”

அவிழ்த்த கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டார்.

“ஆனா பயம் போகலையே ஆசானே.”

“போகாது ஓய்,” என்றார் ஆசான். “அதையும் கூட்டிக்கிட்டுத்தான் நீர் வெளிய வந்திருக்கீர். பாடும்.”