மிராசுதார் ஏழையான நாள்

பணக்காரர்கள் ஏழைகளை மதிப்பதில்லை என்பது ஆதாரமற்ற அவதூறு. வரி வசூல் நாளில் அவர்கள் ஏழைகளாகவே மாறிவிடுவதை எவரும் காணலாம்.

அந்த ராஜ்யத்தில் வருமானம் ஏற ஏற வரியும் ஏறும். வருமானமே இல்லாதவர் வரிக்குப் பதிலாக ஏரிக்கரைக்கு மண் சுமக்க வேண்டும். இந்த இரண்டாவது சட்டம் தமக்கில்லை என்று மிராசுதார் விருத்தாசலம் நினைத்திருந்தார்.

"டேய் அம்பலவாணா, நான் ஏழைன்னு அதிகாரிகிட்ட நீதான் நிரூபிக்கணும். இல்லேன்னா உனக்கு இங்கே வேலை கிடையாது" என்று சமையல்காரனை மிரட்டினார்.

அதிகாரி வந்து மாடிவீட்டை அண்ணாந்து பார்த்தார். "இவரா ஏழை?"

"சத்தியமா ஏழைதாங்க. சந்தேகமா இருந்தா ஒரு கூடையைக் கொடுத்துப் பாருங்க. பணக்காரர்னா மண் சுமக்கமாட்டார். எங்க எசமான் சந்தோஷமா சுமப்பார்" என்றான் அம்பலவாணன்.

ஏரிக்கரையில் ஊரே கூடிவிட்டது. "பாத்து நடங்க எசமான், நீங்க ஏழையானது இன்னைக்குத்தானே!" என்று ஒருவன் கரிசனமாகக் குரல் கொடுத்தான். விருத்தாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தார். உச்சிவெயிலில், தாம் பணக்காரர் என்பது அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. வரியை முழுதாகக் கட்டினார்.

அம்பலவாணனுக்கு வேலை போகவில்லை. அன்று மாலை மிராசுதாரின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது.